இட்டாமாவா, வார்ட்லியா, டோரஸா, ஜலோலோவா: குத்துச்சண்டைல அடுத்த பெரிய ஹெவிவெயிட் யாரு?

17 ஆகஸ்ட் 2025, காலை

நேத்து ராத்திரி ரியாத்ல மோசஸ் இட்டாமா டில்லியன் வைட்ட முதல் ரவுண்டுலயே முடிச்சதப் பாத்துட்டு ஒரு தம்பி கேட்டிருக்கான்: "இனிமே வளர்ற பசங்கள்ல யாரு பெரியவன்னு பேச்சே தேவையில்ல, இவன்தான் அடுத்த சாம்பியன், மத்தவங்கள எல்லாம் ஏன் இவன்கூட ஒப்பிடுறீங்க?"

ஒப்பிடணும் தம்பி. வெறும் 1 நிமிஷம் 59 செகண்ட்ல முடிஞ்ச ஒரு சண்டையில இட்டாமாகிட்ட என்ன இருக்குன்னு தெரியும், என்ன இல்லன்னு தெரியாது. எனக்கு அந்தப் பையன ரொம்பப் புடிக்கும், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

17 ஆகஸ்ட், ராத்திரி

காலையில அவசரத்துல எழுதினேன், இப்ப கொஞ்சம் விரிவா.

இட்டாமாவுக்கு 20 வயசு. 2004 டிசம்பர்ல ஸ்லோவாக்கியாவுல பொறந்தவன், அப்பா நைஜீரியா, அம்மா ஸ்லோவாக்கியா, வளந்தது இங்கிலாந்துல கென்ட் பக்கம். 2022ல யூத் உலக சாம்பியன். 2023 ஜனவரில புரோவுக்கு (காசுக்கு ஆடுற தொழில்முறைக்கு) வந்து முதல் சண்டைய 23 செகண்ட்ல முடிச்சான். இப்ப 13 சண்டை, 13 வெற்றி, அதுல 11 நாக்அவுட். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் பாக்கறது வேற. அவன் முன்கால் எங்க விழுதுன்னு பாருங்க. அவன் இடதுகைக்காரன், சவுத்பா. வலதுகைக்காரன எதிர்த்து நிக்கும்போது ரெண்டு பேரோட முன்காலும் நேருக்கு நேர் வரும், யாரு கால் வெளிப்பக்கம் இருக்கோ அவங்க பின்கைக்குத்தான் வழி தெறந்து கிடக்கும். பெரும்பாலான ஹெவிவெயிட்டுங்க ஒரு தடவ அந்த இடத்தப் புடிச்சா அங்கயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுவாங்க. இட்டாமா அங்க போறான், குத்துறான், எதிராளி திரும்புறதுக்குள்ள இன்னொரு கோணத்துல நிக்கிறான். 110 கிலோ பக்கத்துல இருக்கற ஒடம்ப வச்சிக்கிட்டு இதப் பண்றது சாதாரண விஷயம் இல்ல.

நான் நாலு வருஷம் கிளப்புல பயிற்சி எடுத்தவன், 95 கிலோ, பெரிய ஆட்டக்காரன்லாம் இல்ல. ஆனா ஒரு சவுத்பாகூட வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போட்டிருக்கேன். அவனோட இடதுகை நேரா வரும்போது எனக்குத் தெரியவே தெரியாது, மூக்குல வந்து உக்காந்ததுக்கு அப்புறந்தான் தெரியும். கோச் வெளியிலேர்ந்து "கால், கால், கால்"னு கத்திக்கிட்டே இருப்பார். ஒரு மாசம் கழிச்சுத்தான் அவரு கையப் பத்தி ஏன் ஒரு வார்த்தகூட சொல்லலன்னு எனக்குப் புரிஞ்சுது.

19 ஆகஸ்ட்

"வைட் ஏற்கனவே முடிஞ்சு போன ஆளு, அவர அடிச்சது பெரிய விஷயமா?"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். வைட்டுக்கு 37 வயசு, ஒத்துக்கறேன், பழைய வைட் இல்ல. ஆனா அவர ஜோஷுவா சாய்க்க ஏழு ரவுண்டு ஆச்சு, ஃப்யூரிக்கு ஆறு ரவுண்டு, ரெண்டு பேருமே முன்னாள் உலக சாம்பியன். ரெண்டு நிமிஷம்ங்கறது கணக்குல வரத்தான் செய்யும்.

அதே ராத்திரி அதே மேடையில ஃபிலிப் ஹர்கோவிச் டேவிட் அடெலியேய 10 ரவுண்டு ஓட்டி பாயிண்ட்ஸ்ல (ஜட்ஜுங்க போடற மார்க்குல) ஜெயிச்சார், அதப் பத்தி யாருமே பேசல. அடெலியே ஒரு காலத்துல இந்த "வளர்றவங்க" பட்டியல்ல இருந்தவர்தான்.

24 ஆகஸ்ட்

எனக்கு ஏன் இவ்ளோ தயக்கம்னு கேட்டவங்களுக்கு ஒரே பேரு சொல்றேன். ஜாரெட் ஆண்டர்சன்.

ஞாபகம் இருக்கா? ஒஹாயோ பையன், 17 சண்டை 17 வெற்றி, 15 நாக்அவுட், ஃப்யூரிகூட ஸ்பாரிங் போட்டவன், அமெரிக்காவோட அடுத்த பெரிய ஆளுன்னு தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. 2024 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸ்ல மார்ட்டின் பக்கோலேகூட எறக்கி விட்டாங்க. முதல் ரவுண்டுலயே ஒரு அப்பர்கட் (கீழேர்ந்து மேல வர்ற குத்து), கீழ விழுந்தான், எந்திரிச்சான், அஞ்சாவது ரவுண்டுல கதை முடிஞ்சுது. நானும் ஆண்டர்சன் ஜெயிப்பான்னுதான் அடிச்சு சொன்னேன்.

அன்னிக்கு அவன் கண்ணப் பாத்தப்போ எங்க கிளப்புல இருந்த ஒரு பையன் ஞாபகம் வந்துச்சு. 18 வயசு, நல்ல ஒசரம், ஸ்பாரிங்ல யாரையும் ஒரு ரவுண்டு தாண்ட விட மாட்டான், எல்லாரும் அவன்கூட ஏறவே பயப்படுவாங்க. ஒரு நாள் வேற கிளப்புலேர்ந்து ஒரு குட்டையான ஆளு வந்தாரு, முப்பது வயசுக்கு மேல இருக்கும், பாக்க ஒண்ணுமே இல்ல. நம்ம பையன் வழக்கம்போல அவனோட ஸ்பெஷல் வலதுகைய எறக்கினான், சுத்தமா விழுந்துச்சு, சத்தம் வெளியில நின்ன எனக்கே கேட்டுச்சு. அந்த ஆளு தலைய ஒரு தடவ ஆட்டிட்டு முன்னாடி வந்தாரு, அவ்ளோதான். அப்போ பையனோட கண்ணு ஒரே ஒரு செகண்ட் கார்னர் பக்கம் போச்சு. கோச்சப் பாத்தான். அதுக்கப்புறம் அவன் பின்னாடி பின்னாடி போய்க்கிட்டே இருந்தான், மூணாவது ரவுண்டு முடிக்காமயே எறங்கிட்டான்.

எனக்கு அதுலேர்ந்து ஒரே கேள்விதான். தன்னோட நல்ல குத்து சரியா விழுந்தும் எதிராளி விழலைன்னா இந்தப் பையன் என்ன பண்ணுவான்? இட்டாமாவுக்கு அந்தக் கேள்வி இன்னும் வரவே இல்ல. 6 ரவுண்டுக்கு மேல அவன் போனதே கிடையாது.

25 ஆகஸ்ட்

"மைக் டைசன் மட்டும் அப்டியா இருந்தாரு, அவரும் எல்லாரையும் முதல் ரவுண்டுல அடிச்சுத்தானே 20 வயசுல சாம்பியன் ஆனாரு"ன்னு ஒருத்தர் கேட்டாரு, நானும் ஆமான்னு சொல்லிட்டேன். தப்பு, இப்ப உக்காந்து பழசெல்லாம் பாத்தேன்.

டைசன் 1986 நவம்பர் 22ல பெர்பிக்க ரெண்டாவது ரவுண்டுல அடிச்சு சாம்பியன் ஆகும்போது வயசு 20, அது மேல நாலு மாசம், அது சரி. ஆனா அந்த வருஷம் மே மாசத்துல மட்டுமே ஜேம்ஸ் டில்லிஸ்கூட 10 ரவுண்டு, மிட்ச் கிரீன்கூட 10 ரவுண்டு, ரெண்டுமே பாயிண்ட்ஸ்ல போனது. அதாவது குத்து வாங்கியும் விழாத ஆளுங்கள டைசன் பெல்ட்டுக்கு முன்னாடியே பாத்தாச்சு. புரோவுக்கு வந்தது 1985 மார்ச், பெர்பிக்குக்கு முன்னாடி 27 சண்டை. இருபது மாசத்துல 27! இட்டாமா ரெண்டரை வருஷத்துல 13. அந்தக் காலத்துல மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு சண்டை போட்டே பாடம் படிச்சாங்க, இப்ப அந்தப் பாடத்த ஸ்பாரிங்ல படிக்க வேண்டியிருக்கு, ஸ்பாரிங்ல என்ன நடந்துச்சுன்னு நமக்கு யாரும் காட்டப் போறதில்ல.

29 ஆகஸ்ட்

சின்னதா ஒண்ணு. டெலிஷியஸ் ஓரி பத்திக் கேட்டிருந்தாங்க. 2022 காமன்வெல்த் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்ஸ், இந்த வருஷம் ஏப்ரல்ல புரோ முதல் சண்டை, ஜெயிச்சாரு, மே மாசமே மனசு அதுல இல்லன்னு சொல்லி விலகிட்டாரு. நிறைய பேரு திட்டினாங்க. நான் திட்ட மாட்டேன். அடி வாங்குற தொழில்ல பாதி மனசோட நிக்கறவன் ஒடம்புதான் போகும், அத 27 வயசுல புரிஞ்சுக்கிட்டவர மதிக்கறேன்.

2 செப்டம்பர்

இப்ப ஜலோலோவ், டோரஸ். இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பேசவே முடியாது.

பகோதிர் ஜலோலோவ், உஸ்பெகிஸ்தான், 6 அடி 7 அங்குலம், இவரும் சவுத்பா. டோக்கியோ தங்கம், பாரிஸ் தங்கம். டோக்கியோ காலிறுதில நம்ம சதீஷ் குமார் இவர்கிட்டதான் தோத்தாரு. அதுக்கு முந்தின சண்டையில முகம் கிழிஞ்சு 13 தையல் போட்ட முகத்தோட சதீஷ் ரிங்குல ஏறினாரு, 5-0ன்னு தோத்தாலும் மூணு ரவுண்டும் நின்னாரு. நான் அந்தச் சண்டைய உக்காந்து பாக்கல, டிவி முன்னாடி நின்னுக்கிட்டேதான் பாத்தேன்.

ஜலோலோவோட பலம் தூரம். அவரோட தூரத்துல அவர யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வயசு 31, புரோ சண்டை கம்மி, ஒலிம்பிக்ஸுக்காக நடுவுல நடுவுல விட்டுட்டு விட்டுட்டுப் போனாரு. அமெச்சூர்ல மூணு ரவுண்டுக்குன்னு பழகின ஒடம்பு பன்னெண்டு ரவுண்டுக்கு வேற மாதிரி மூச்சு விடக் கத்துக்கணும். நான் ஒரு தடவ மூணு ரவுண்டு பழக்கத்துல ஆறு ரவுண்டு ஸ்பாரிங் ஒத்துக்கிட்டேன். நாலாவது ரவுண்டுல குத்த வேண்டாம், கைய கன்னத்துகிட்ட தூக்கி வச்சிருக்கறதே பெரும்பாடு ஆயிடுச்சு. மூளை "தூக்கு"ன்னு சொல்லுது, தோள் கேக்கல.

ரிச்சர்ட் டோரஸ் ஜூனியர், கலிஃபோர்னியா, 26 வயசு, 6 அடி 2 அங்குலம். ஹெவிவெயிட்ல இன்னிக்கு அது குட்டை. டோக்கியோ ஃபைனல்ல ஜலோலோவ்கிட்ட நாக்அவுட்ல தோத்து வெள்ளி வாங்கினாரு. இருந்தாலும் எனக்கு இவரு மேலதான் நம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி, காரணம் நாளைக்கு எழுதறேன்.

3 செப்டம்பர்

நேத்து எழுதினதுல ஒரு தப்ப ஒருத்தர் சரியா புடிச்சிட்டாரு, நன்றி. ஜலோலோவ் டோரஸ நாக்அவுட் பண்ணது ஒலிம்பிக்ஸ்ல இல்ல, 2019 உலக சாம்பியன்ஷிப்ல, ரஷ்யாவுல. பாத்தவங்களுக்கு வயித்தக் கலக்கின நாக்அவுட் அது. டோக்கியோ ஃபைனல் பாயிண்ட்ஸ்ல முடிஞ்சுது.

இந்தத் திருத்தமே என் காரணத்த இன்னும் பலமாக்குது. உங்கள நினைவு தப்ப வச்ச ஒரு ஆளு, உங்களவிட அஞ்சு அங்குலம் ஒசரம், ரெண்டு வருஷம் கழிச்சு ஒலிம்பிக் ஃபைனல்ல அதே ஆளு எதிர்ல நிக்கிறாரு. டோரஸ் முதல் பெல் அடிச்சதுமே முன்னாடி போனாரு, முதல் ரவுண்ட ஜட்ஜுங்க அவருக்குத்தான் குடுத்தாங்க. கடைசில தோத்தாரு, சரி. ஆனா எங்க பையன் கண்ணு கார்னர் பக்கம் போச்சுன்னு சொன்னேனே, அந்த வியாதி இவருக்கு இல்ல.

இந்த ஏப்ரல்ல குய்டோ வியனெல்லோகூட 10 ரவுண்டு முழுசா போய் ஜெயிச்சாரு. அழகான சண்டைன்னு சொல்ல மாட்டேன், பாதி நேரம் கட்டிப்புடி, தள்ளுமுள்ளு. ஆனா மூச்சு இருந்துச்சு, கடைசி ரவுண்டு வரைக்கும் உள்ள போய்க்கிட்டே இருந்தாரு. ஒரே பயம், உள்ள போற வழியில தலைய நேர்கோட்டுலயே கொண்டு போறாரு. நல்ல அப்பர்கட் இருக்கறவன் காத்துக்கிட்டு நின்னா கஷ்டம்.

20 செப்டம்பர்

கபாயேல மறந்துட்டீங்களான்னு திட்டு. மறக்கல, அவருக்கு 33 ஆகப் போகுது, அதனால "வளர்ற" பட்டியல்ல சேக்கல. ஆனா இப்ப யோசிச்சா வயச வச்சு அப்டிப் பிரிச்சதே தப்போன்னு தோணுது. உக்ரைனோட உசிக் ஜோஷுவாவ ஜெயிச்சு ஹெவிவெயிட் பெல்ட்டு வாங்கினதே 34 வயசுல.

அஜித் கபாயேல், ஜெர்மனி. இவரு தலைய விட்டுட்டு வயித்தப் பாக்கற ஆளு. 18 சண்டை தோக்காத, அதுல 17 பேர சாய்ச்ச மக்முதோவ நாலாவது ரவுண்டுல, ஃபிராங்க் சான்செஸ ஏழாவதுல, ஜாங் ஜிலெய ஆறாவதுல, மூணு பேரையும் ஒடம்புல அடிச்சே உக்கார வச்சாரு. ஜாங் சண்டையில அஞ்சாவது ரவுண்டுல இவரே கீழ விழுந்தாரு, எந்திரிச்சு அடுத்த ரவுண்டுல அவர முடிச்சாரு. நான் தேடுற குணம் இதுதான்.

கல்லீரல்ல குத்து வாங்காதவங்களுக்கு அது புரியாது. தலையில பட்டா பொறி கலங்கும், வலி தெரியாது. விலாவுக்குக் கீழ வலப்பக்கம் பட்டா மண்டை தெளிவா இருக்கும், எல்லாம் கேக்கும், ரெஃபரி எண்றதுகூட ஒண்ணு விடாம காதுல விழும், ஆனா ஒடம்பு மடங்கிப் போயிடும். குத்து விழுந்து ஒரு செகண்ட் ஒண்ணுமே இருக்காது, "பரவால்ல"ன்னு நெனப்பீங்க, அப்பதான் வரும். நான் முட்டி போட்டு தரையில இருந்த வியர்வைத் துளிய பாத்துக்கிட்டு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. 

24 அக்டோபர்

நாளைக்கு லண்டன்ல வார்ட்லி, ஜோசஃப் பார்க்கர் சண்டை. என் கணிப்பு: பார்க்கர் பாயிண்ட்ஸ்ல, நிதானமா ஜெயிப்பாரு.

ஃபேபியோ வார்ட்லி நல்ல மனுஷன், மன உறுதி இருக்கு, ஆனா அடிப்படை இல்ல. ஆஃபீஸ் வேலை பாக்கறவங்க பொழுதுபோக்கா ரிங்குல ஏறுவாங்களே அந்த மாதிரி நாலு சண்டை, அதுதான் அவரோட மொத்த அமெச்சூர் அனுபவம். ஜூன்ல இப்ஸ்விச்ல ஜஸ்டிஸ் ஹூனிகிட்ட ரவுண்டுக்கு ரவுண்டு பின்னாடி இருந்தாரு, பத்தாவது ரவுண்டுல ஒரே ஒரு வலதுகை, ஹூனி விழுந்தாரு. அது ஒரு தடவ நடக்கும். பார்க்கர் வைல்டர, ஜாங்க, பக்கோலேய எல்லாம் ஜெயிச்சு வந்தவரு, பழம் தின்னு கொட்ட போட்டவரு, அவர்கிட்ட அது நடக்காது.

26 அக்டோபர்

நடந்துச்சு. பதினோராவது ரவுண்டு.

27 அக்டோபர்

ரெண்டு தடவ முழுசா பாத்துட்டேன். ரெஃபரி சீக்கிரம் நிறுத்திட்டாருன்னு சொல்றவங்க சொல்லட்டும், பார்க்கர் திருப்பிக் குத்தாம கயித்துல சாஞ்சு வாங்கிக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் பேச வந்தது அது இல்ல.

ஆகஸ்ட்லேர்ந்து நான் ஒண்ணையேதான் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டு இருக்கேன்: குத்து வேலைக்கு ஆகலன்னா என்ன பண்ணுவான், அடி வாங்கினா என்ன பண்ணுவான், பத்தாவது ரவுண்டுல மூச்சு இருக்குமா. அப்டி எழுதிக்கிட்டே, அந்த மூணுக்கும் ஏற்கனவே பதில் சொல்லிட்ட ஒரே ஆள, வார்ட்லிய, கால் சரியில்ல, அமெச்சூர் இல்லன்னு ஓரமா தள்ளி வச்சிட்டேன். போன வருஷம் மார்ச்ல ஃப்ரேசர் கிளார்க்கூட பன்னெண்டு ரவுண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட, டிரா. அக்டோபர்ல அதே கிளார்க்க முதல் ரவுண்டுலயே முடிச்சாரு. கிளார்க் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கினவரு. அப்புறம் ஹூனி. இப்ப பார்க்கர். ஒரு தடவ நடந்தா அதிர்ஷ்டம், ஆனா களைச்சுப் போன நேரத்துல இவ்ளோ தடவ ஒருத்தன் கையில பலம் மிச்சம் இருக்குன்னா அதுக்குப் பேரு வேற.

வார்ட்லி தோத்துக்கிட்டு இருக்கும்போதும் அவரோட வலதுகை சுருங்கறதில்ல, அதுதான் எனக்குப் புரியாம இருந்தது. பாயிண்ட்ஸ்ல பின்னாடி இருக்கோம்னு தெரிஞ்சா சாதாரணமா தோள் எறுகும், குத்து பாதியில நிக்கும், "மாட்டிக்கிட்டா என்ன பண்றது"ன்னு ஒரு பயம் முழங்கையிலேயே உக்காந்துக்கும், எனக்கு அப்டித்தான் ஆகும். வார்ட்லி பத்தாவது ரவுண்டுல போடுற வலதுகை முதல் ரவுண்டுல போட்ட மாதிரியே முழுசா வருது. அடிப்படை இல்லன்னு சொன்னேன். இது அடிப்படை இல்லன்னா வேற எது?

தம்பி, நீ ஆகஸ்ட்ல கேட்டதுக்கு இன்னிக்கு என் வரிசை: திறமைல இட்டாமா, நெருக்கடில வார்ட்லி, உழைப்புல டோரஸ். ஜலோலோவுக்கு வருஷம் ஓடிக்கிட்டு இருக்கு, அவருக்காக வருத்தமா இருக்கு.

28 அக்டோபர்

"அப்போ இங்கிலாந்தோட டேனியல் டுபுவா?" நல்ல கேள்வி. 28 வயசுதான், ஆனா நாம எல்லாரும் அவர பழைய ஆளா பாக்கறோம். ஜாய்ஸ் சண்டையில கண்ணுகிட்ட எலும்பு முறிஞ்சு முட்டி போட்டாரு, கோழைன்னு ஊரே சொல்லுச்சு. லெரீனாகூட முதல் ரவுண்டுலயே மூணு தடவ விழுந்தாரு, மூணாவது ரவுண்டுல ஜெயிச்சாரு. அப்புறம் மில்லர், ஹர்கோவிச், வெம்ப்ளில ஜோஷுவா. ஜூலைல உசிக் மறுபடி சாய்ச்சாரு. இத்தன விழுந்தும் அவர ஒதுக்கித் தள்ள முடியல. விளாடிமிர் கிளிட்ச்கோவே மூணு தடவ நாக்அவுட் ஆனதுக்கு அப்புறந்தான் பத்து வருஷத்துக்கு மேல தோக்காம இருந்தாரு. ஆண்டர்சனப் பத்தி நான் "கதை முடிஞ்சுது"ன்னு எழுதினது அந்தச் சண்டைக்குத்தான், அந்தப் பையனுக்கு இல்ல. அவனுக்கு இன்னும் 26கூட ஆகல.

22 நவம்பர்

உசிக் டபிள்யூபிஓ (உலகப் பட்டம் குடுக்கற அமைப்புகள்ல ஒண்ணு) பெல்ட்ட விட்டுக் குடுத்துட்டாரு, அது வார்ட்லிக்கு வந்துடுச்சு. உலக சாம்பியன் ஃபேபியோ வார்ட்லி. பெல்ட்ட ரிங்குல ஜெயிக்கல, மேசையில குடுத்தாங்கன்னு சிலர் எழுதறாங்க. பார்க்கர்தான் அந்த வரிசையில முதல்ல நின்னவரு, அவர ரிங்குலதான் ஜெயிச்சாரு. எனக்கு சந்தோஷமா இருக்கு, மனசாரச் சொல்றேன்.

14 டிசம்பர்

இட்டாமாவுக்கு அடுத்து ஜெர்மைன் ஃபிராங்க்ளின், அடுத்த வருஷம் மான்செஸ்டர்ல. "ஃபிராங்க்ளினா, அவரு யாரு?"ன்னு கேக்கறவங்களுக்கு: 2022ல வைட்டுகூட 12 ரவுண்டு, 2023ல ஜோஷுவாகூட 12 ரவுண்டு. ரெண்டும் தோல்விதான், ஆனா இதுவரைக்கும் யாரும் அவர நிறுத்தினதில்ல. தலைய ஆட்டிட்டு முன்னாடி வந்த அந்தக் குட்டை மனுஷன நாலு மாசமா எழுதிக்கிட்டு இருந்தேனே, இவர்தான் அந்த மனுஷன்.

முதல் ரெண்டு ரவுண்டுல முடிஞ்சா நானும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவேன். ஆனா நான் காத்துக்கிட்டு இருக்கறது அதுக்கு இல்ல. நாலாவது, அஞ்சாவது ரவுண்டுல இட்டாமாவோட இடதுகை ஒண்ணு சுத்தமா விழணும், ஃபிராங்க்ளின் விழாம நிக்கணும். அந்த ஒரு செகண்ட் நான் குத்தப் பாக்க மாட்டேன். பையனோட கண்ணப் பாப்பேன்.